ஃபேக்ஸில் அழிந்த மூன்று எழுத்துகள்

கம்ப்யூட்டர் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி கேட்டபோது முதலில் தயங்கினேன். இப்போது இங்கே ஓடும் எதுவும் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபின் கைபேசியில் ரயில் டிக்கெட் எடுப்பதோடு என் தொழில்நுட்பம் முடிந்துவிட்டது. "கருவியைப் பற்றி வேண்டாம்மா, நீங்க ரொம்பப் பயந்த ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். அப்படியென்றால் நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். கவரைப்பேட்டையில் வீடு. மின்னஞ்சல் என்பதை எங்கள் சென்னைத் தலைமை அலுவலகம் மட்டும் வைத்திருந்த காலம். மற்ற எல்லோருக்கும் ஃபேக்ஸ்தான். ஆர்டர் வருவதும் ஃபேக்ஸில், லாரி கிளம்பியதா என்று கேட்பதும் ஃபேக்ஸில். அந்த ஐப்பசி மழையில் ஓர் இடி இறங்கியது. தொலைபேசி ஒயர் வழியாக வந்த மின்சாரத்தில் எங்கள் ஃபேக்ஸ் மெஷின் கருகிப்போனது. அலுவலகத்துக்கு இருந்த தொலைபேசி இணைப்புகளில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அதிலும் எப்போதும் எண்ணெய் காய்வதுபோல ஓர் இரைச்சல்.

ஒர்க்ஸ் மேனேஜர் சீனிவாசன் சார் என்னைக் கூப்பிட்டார். திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்து, ரசாயனம் படித்துத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர். யாரையும் அதட்ட மாட்டார். கவலை வந்தால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடுவதுபோல பேன்ட்டைத் தடவுவார்.

"புது மெஷின் வர நாளாகும்மா. மோடம்னு ஒண்ணு வாங்கியிருக்கேன். அதை வெச்சுக் கம்ப்யூட்டர்லேருந்தே ஃபேக்ஸ் அனுப்பலாமாம். பாத்துக்கோ வசந்தா" என்றார்.

மோடம் என்பது டிபன் டப்பா அளவுள்ள ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் தொலைபேசி ஒயர். திரையில் இருக்கும் பக்கத்தை ஒலியாக்கித் தொலைபேசியில் அனுப்பும். ஒலியாக வருவதைப் பக்கமாக்கித் திரையில் காட்டும். அதை எப்படிப் பொருத்தினேன் என்ற கதை உங்களுக்கு வேண்டாம். ரிசீவரைக் காதில் வைத்தால் எனக்கு டயல் டோன் கேட்கிறது, மோடமோ டயல் டோன் இல்லை என்று சாதிக்கிறது. நம் ஊர் டோன் அதற்குப் பழக்கமில்லை என்றும், டோனுக்காகக் காத்திருக்காமல் நேராக எண்ணைச் சுற்று என்று அதற்கு உத்தரவிட வேண்டும் என்றும் கண்டுபிடிப்பதற்குள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று திரை சொன்னது. போன் செய்து கேட்டால், பாதிப் பக்கம்தான் வந்தது, மீதி வெள்ளை என்றார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லின்மேல் எனக்கு நம்பிக்கை போயிற்று. அனுப்பப்பட்டது என்றால், நம் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் அதைக் கையில் எடுத்துப் படித்துப் புரிந்துகொண்டாரா என்பது வேறு கேள்வி. உங்கள் கைபேசியில் இரண்டு நீலக் குறி விழுகிறதே, அதற்கும் இது பொருந்தும்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்தே மழை. எங்கள் ஆலையில் குழாய்களை ஆசிட்டில் கழுவ ஒரு தனி ஷெட் உண்டு. வழக்கமாக ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். அந்த வாரம் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு ஒரு புது ஆர்டர் வந்திருந்ததால், அதைக் கழுவ வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து புது மருந்து ஒன்று மாதிரிக்காக வந்திருந்தது. கேனின் மேல் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை.

அந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றும்போது சாமுவேலின் வலது கையுறைக்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது. சாமுவேல் எங்கள் கவரைப்பேட்டைக்காரர். அப்பா ஏர் பிடித்தவர், இவர் அந்தக் குடும்பத்திலிருந்து ஆலைக்கு வந்த முதல் ஆள். உடனே கையைத் தண்ணீரில் கழுவினார்கள். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். களிம்பு தடவிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, மறுபடி வேலைக்கே போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். ஷெட் சூப்பர்வைசர் முனிரத்தினம் அவரைக் கம்பெனி வேனில் ஏற்றிச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, இது என்ன ஆசிட் என்பது. முனிரத்தினம் அங்கிருந்து எங்களுக்குப் போன் செய்தார். சீனிவாசன் சார் உடனே வடக்கே அந்தக் கம்பெனிக்கு வெளியூர் போன் போட்டார். அவர்களுடைய ரசாயன நிபுணர் இடத்தில் இல்லை. போனை எடுத்த குமாஸ்தா, மருந்தின் விவரத்தாள் இரண்டு பக்கம் இருக்கிறது, இப்போதே ஃபேக்ஸ் அனுப்புகிறேன் என்றார்.

நான் மோடத்தை இணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அது கிறீச்சிட்டு, இரைந்து, எடுத்துக்கொண்டது. திரையில் பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக இறங்கியது. இரண்டாம் பக்கம் தொடங்கும்போது லைன் அறுந்தது.

அப்போதுதான் கிரேஸ் உள்ளே வந்தாள். சாமுவேலின் மனைவி. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ரயிலில் நாங்கள் ஒரே பெட்டியில் வருவோம். யாரோ சொல்லி, மழையில் ஓடியே வந்திருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எலும்புக்குள்ள எரியுது எலும்புக்குள்ள எரியுதுன்னு கத்திக்கினே போனாராம் வசந்தாக்கா. மேல பாத்தா ஒண்ணுமே இல்லியாமே. இன்னாக்கா இது?"

"அதைத்தான் பாத்துக்கினு கீறோம் கிரேஸு. ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

வந்த ஒரு பக்கத்தைப் பார்த்தோம். மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற வரியின் குறுக்கே, லைன் இரைச்சலால் ஒரு கருப்புப் பட்டை ஓடியிருந்தது. 'ஹைட்ரோ' என்ற முன்பாதி தெரிந்தது. 'ஓரிக் ஆசிட்' என்ற வால் தெரிந்தது. நடுவில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு.

"ஹைட்ரோகுளோரிக்தான். நம்மகிட்ட இருக்கிறதேதான், வேற பேர்ல விக்கிறான்" என்றார் சீனிவாசன் சார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்மா."

அனுப்பினேன். முதல் தடவை எங்கேஜ். அடுத்த தடவை போயிற்று. அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. கொஞ்ச நேரத்தில் முனிரத்தினம் போனில் வந்தார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே நின்று பேசினார். சார் வைத்திருந்த ரிசீவரிலிருந்து அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், பேப்பரு வந்துச்சு. பேரு மேல கருப்பா கோடு போய்கீது. டாக்டரு பக்கத்துலயே நிக்கிறாரு. ஹைட்ரோகுளோரிக்கானு கேக்குறாரு. ஆமான்னு சொல்லிடட்டா?"

சார் வாயைத் திறந்தார். நான் எழுந்து அவர் கையைத் தொட்டேன். இருபத்தோரு வருஷ வேலையில் ஓர் அதிகாரியின் கையை நான் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"சார், அந்த எழுத்து நமக்குத் தெரியல."

அவர் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டார். "வேற என்னம்மா இருக்க முடியும்?"

"எனக்குத் தெரியாது சார். நான் படிச்சது பி.காம். ஆனா அங்க கருப்புதான் இருக்கு. நாம படிக்கல சார், நெனைக்கிறோம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். ஓர் ஆள் வலியில் துடிக்கிறார். அவர் மனைவி பின்னால் நிற்கிறாள். மருத்துவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் 'ஆமாம்' என்று சொல்வதுதான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது, சொல்கிறவருக்கும் சேர்த்து. 'இன்னும் தெரியவில்லை' என்ற பதில் கையாலாகாத்தனம் போல ஒலிக்கும். சீனிவாசன் சார் திரையை ஒருமுறை பார்த்தார். கிரேஸின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ரிசீவரில் நிதானமாகச் சொன்னார்:

"முனிரத்தினம், இன்னும் தெரியலைன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. நாங்க கேட்டுச் சொல்றோம். நீங்க அந்த மெஷினை விட்டு நகரக் கூடாது."

அந்தப் பதிலைச் சொல்லி ரிசீவரை வைத்த அந்தக் கைதான் அன்றைக்குப் பெரிய வேலை செய்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இருப்பது ஒரே லைன். வடக்கே பேசினால் ஆஸ்பத்திரி எங்களைப் பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்காகக் காத்திருந்தால் விவரம் வராது. கிரேஸ் கேட்டாள், "இப்ப அங்கேர்ந்து போன் வந்தா?" சார் வடக்கே எண்ணைச் சுற்றினார். கிடைக்கவில்லை. மறுபடி சுற்றினார். ஜன்னலில் மழை அடித்தது. ஒவ்வொரு தடவையும் எண்ணின் நடுவிலேயே அந்த எண்ணெய் காயும் இரைச்சல் எழுந்து எல்லாவற்றையும் விழுங்கியது.

கடைசியில் கிடைத்தது. இந்த முறை நிபுணர் இருந்தார். சார் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சொன்னார். சாரின் நெற்றி சுருங்கியது. "மறுபடி சொல்லுங்கள்" என்றார். அவர் மறுபடி சொன்னார். சார் ரிசீவரை என் காதில் வைத்தார். நானும் கேட்டேன். ஹைட்ரோ என்று வந்தது, நடுவே இரைச்சல், ஓரிக் என்று முடிந்தது. பேப்பரில் எங்கே கருப்பாக இருந்ததோ காதிலும் சரியாக அதே இடத்தில் கருப்பு. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னோம். 'எஃப்' என்கிறாரா 'எஸ்' என்கிறாரா 'எச்' என்கிறாரா என்று பிடிபடவில்லை. லைன் எந்த நிமிஷமும் அறுந்துவிடும் போலிருந்தது.

எனக்கு ரசாயனம் தெரியாது என்று சொன்னேனே. அதனால்தானோ என்னவோ எனக்கு வேறொன்று தோன்றியது. பெயர் கேட்கவில்லையென்றால், வேறெதையாவது கேட்டால் என்ன.

"சார், பேரை விடுங்க. இது பட்டா என்ன மருந்து போடணும்னு கேளுங்க. அந்த ரெண்டாவது பக்கத்துல அதானே இருக்கும்."

சார் கேட்டார். பதில் வந்தது. அந்த ஒரு சொல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்து எனக்கே கேட்டது. கால்சியம்.

சீனிவாசன் சாரின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. ஹைட்ரோகுளோரிக்குக் கால்சியம் தேவையே இல்லை. கால்சியம் வேண்டியது வேறொன்றுக்கு. ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட். அது தோலை மேலே சுட்டுவிட்டு நிற்காது. உள்ளே இறங்கி எலும்பைத் தேடிப் போகும். நிறைய இறங்கினால் நெஞ்சையும் நிறுத்தும். மேலே ஒன்றும் தெரியாமல், நேரம் கழித்து, எலும்புக்குள் எரிகிறது என்று அவர் கத்தியதெல்லாம் அதனால்தான்.

"ஃப்ளோரிக்கா? ஃப்ளோரின்?" என்று சார் ரிசீவரில் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஆமாம், ஆமாம் என்ற குரல். பிறகு லைன் அறுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போட்டோம். எங்கேஜ். மறுபடி போட்டோம். எங்கேஜ். பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி எப்போது ஓய்ந்திருக்கும். ஃபேக்ஸ் மெஷினுக்குத் தனி எண், முதல் பக்கத்தை அனுப்பிய அந்த எண்ணையே மறுபடி சுற்றலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனிரத்தினம் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்.

மோடம் வைத்த கம்ப்யூட்டரில் ஒரு வசதி. பேப்பர் வேண்டாம். திரையில் அடித்ததை அடித்தபடியே அனுப்பலாம். நான் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். ஹைட்ரோஃப்ளோரிக் என்று ஆங்கிலத்தில், ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே இடம் விட்டு அடித்தேன். அதன் கீழே கால்சியம்.

சார் பின்னாலிருந்து, "ஹைட்ரோகுளோரிக் இல்லைன்னும் போடும்மா" என்றார்.

ஒரு கணம் யோசித்தேன். "வேணாம் சார். 'இல்லை' மேல கோடு விழுந்துட்டா?"

அவர் தலையாட்டினார். அந்த வரிக்குப் பதிலாக, ஹைட்ரோஃப்ளோரிக், கால்சியம் என்ற அதே இரண்டு சொற்களைப் பக்கத்தின் நடுவில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் திரும்ப அடித்தேன். ஒரு கருப்புப் பட்டை எங்கே வேண்டுமானாலும் விழலாம். மூன்று இடத்திலும் ஒரே எழுத்துகளின் மேல் விழாது என்று நம்பினேன்.

மோடம் சுற்றியது. கிறீச்சிட்டது. இணைப்பு இல்லை என்றது. மறுபடி. இந்தமுறை பிடித்தது. திரையில் ஒரு சின்னப் பட்டை நிரம்பத் தொடங்கியது. கால்வாசி. பாதி. பாதியில் நின்றது. கிரேஸின் விரல்கள் என் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தன. பட்டை நகர்ந்தது. அனுப்பப்பட்டது என்றது.

அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. மோடத்தைப் பிடுங்கிவிட்டு லைனைப் போனுக்கு விட்டேன். அடித்ததும் சார் எடுத்தார்.

"சார், பெரிசா எழுதி ஒரு பேப்பரு வந்துகீது."

"படிங்க முனிரத்தினம். ஒவ்வொரு எழுத்தா."

"எச்சு. ஒய்யி. டி. ஆர்ரு. ஓ..." அவர் மூச்சு வாங்கினார். "மேல இருக்கறதுல கோடு கீது சார். இருங்க, நடுவுல பாக்குறேன். எஃப்பு. எல்லு. யூ." பிறகு யாரிடமோ பேசும் சத்தம். "சார், டாக்டரு பேப்பரைப் புடுங்கினு ஓடிட்டாரு சார்."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஒரு பக்கத்தை அனுப்பிவிட்டோம், அதை நம்பி ஒருவருக்கு ஊசி போடுகிறார்கள். நாங்கள் கேட்டது சரிதானா என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சார் தன் மேஜையில் இருந்த ரசாயனப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். நான் கிரேஸுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள், துடைத்துக்கொள்ளவில்லை. கேன்டீனிலிருந்து டீ வந்து ஆறியது. வெளியே ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தபின்னும் இப்படி ஒரு நேரம் வரும். அதைச் சுருக்க எந்தக் கருவியும் இல்லை. கூட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தாங்கலாம், அவ்வளவுதான்.

போன் அடித்தபோது நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். சார் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். நானும் எடுக்கவில்லை. கிரேஸ்தான் எழுந்து போய் எடுத்தாள்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கையில் போட்ட ஊசிக்குப் பிறகு வலி இறங்கத் தொடங்கியதாகவும், இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் முனிரத்தினம் வார்டு போனிலிருந்து சொன்னதைப் பிறகு சொன்னாள். ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அது பின்னால் தெரிந்த விஷயம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவள் திடீரென்று ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டதுதான். முனிரத்தினத்திடமிருந்து போனை வாங்கி வேறு யாரோ பேசுகிறார்கள் என்று புரிந்தது. லைனில் எப்போதும் இருந்த அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒரு பழகிய ஆண் குரல் மெல்லமாக ஏதோ கேட்டது.

வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கிரேஸ், "ம். சாப்ட்டேன்" என்றாள். "நீ பேசாத. படு."